மணி அடித்த பிறகு

காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளம்மா, இந்தப் பையை அடியில் தள்ளிவிடுகிறேன். இல்லை, வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கீழே வைத்தால் வளைவுக்கு வளைவு உருண்டு யார் காலடிக்காவது போய்விடும். உள்ளே ஒரு பட்டுப்புடவை இருக்கிறது, கசங்கக் கூடாது. கல்யாணத்துக்கு இல்லை. குன்னூரில் ஒரு கர்னலைப் பார்க்கப் போகிறேன். அதற்கு எதற்குப் பட்டு என்று என் வீட்டுக்காரர்கூடக் கேட்டார். நான் பட்டு கட்டாமல் மேடை ஏறியதே இல்லை என்றேன். "அது மேடை இல்ல, பூங்கோதை" என்றார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

இந்த டிரைவர் ஏன் இன்னும் எடுக்காமல் இருக்கிறான்? டீ குடித்து முடித்துவிட்டான், வெற்றிலையும் போட்டாகிவிட்டது, இன்னும் என்ன? நீயும் குன்னூருக்குத்தானா? பள்ளிக்கூட வேலையா? நல்லது. முதல் நாள் உரக்கப் பேசு. மெதுவாகப் பேசினால் பிள்ளைகள் வருஷம் முழுக்க மதிக்காது.

எடுத்துவிட்டான். அப்பாடா.

என்னை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? இருக்கும். பொங்கல், தீபாவளி என்றால் காலையில் டிவியில் பட்டிமன்றம் போடுவார்களே, நடுவருக்கு இடது பக்கம் இரண்டாவது நாற்காலி. பேராசிரியை பூங்கோதை சொக்கலிங்கம், காரைக்குடி. அதேதான். நீ சிரிப்பதைப் பார்த்தாலே தெரிகிறது, அந்த மாமியார் கதை நினைவுக்கு வந்துவிட்டது. ஊறுகாய் ஜாடிக்குப் பூட்டுப் போட்ட மாமியார். அந்த அம்மாளை நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், கூடத்தில் படம்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது என்று சொல்வேன். அவருக்குப் பக்கத்து வீட்டில் ஸ்பூன் விழுந்தால் கேட்கும். அதெல்லாம் அப்படித்தான். பேசுகிறவர்களுக்கும் தெரியும், கேட்கிறவர்களுக்கும் தெரியும். அதைப் போய் யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் ஒன்று. என் மகனைப் பற்றி நான் மேடையில் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் இப்போது வழக்கு. நீயே கேட்டுச் சொல், நியாயம் யார் பக்கம் என்று. நான் ஜெயித்த பட்டிமன்றம் அது. ஜெயித்ததற்காகத் தண்டனை அனுபவிக்கிறவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

என் மகன் பேர் அதியன். மேஜர் அதியன். ராணுவத்தில் எஞ்சினியர். சண்டை என்றாலும் வெள்ளம் என்றாலும் முதலில் போய் ஆற்றின் மேல் இரும்புப் பாலம் போடுகிற ஆட்கள் இருக்கிறார்களே, அந்தப் பிரிவு. சின்ன வயதில் வீட்டு வாசலில் மழைத் தண்ணீர் ஓடினால் குச்சி வைத்துப் பாலம் கட்டி எறும்பைக் கடக்கவிடுவான். இது உண்மை. இது மேடைக்குச் சொல்கிறதில்லை. மேடையிலும் சொல்லியிருக்கிறேன், ஆனால் உண்மை.

எந்த ஊர்க் கூட்டமானாலும் "என் மகன் மேஜர்" என்று ஒரு வரி எப்படியாவது நுழைத்துவிடுவேன். ஜனங்கள் கை தட்டுவார்கள். சிவகங்கைப் பக்கம் போனால் இன்னும் பலமாகத் தட்டுவார்கள், அங்கே வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்தில். அப்படி ஒரு ஊரில்தான் முன்னாள் ராணுவத்தினர் சங்கம் ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். ராணுவத்துக்குப் பெரிதும் வலிமை சேர்ப்பது கட்டுப்பாடா, கனிவா? நான் கனிவு. எதிர்ப்பக்கம் கடைசிப் பேச்சாளர் வெள்ளைச்சாமி. ஓய்வு பெற்ற சுபேதார். மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு மைக் முன்னால் வந்து நின்றாலே கூட்டம் விசில் அடிக்கும். எனக்கும் அவருக்கும் மேடையில்தான் சண்டை, கீழே இறங்கினால் "என்ன தங்கச்சி, மூட்டு வலி எப்படி இருக்கு?" என்பார்.

அன்றைக்கு அவருக்கு நேரம் சரியில்லை. இல்லை, எனக்குத்தான் சரியில்லை. அந்தக் கோர்ட்டுத் தீர்ப்பை எடுத்துக்கொண்டார். உனக்குத் தெரியும்தானே, ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று சொன்னார்களே, அது. ராணுவம் மட்டும் எங்கள் சட்டம் தனி, இங்கே அது நடக்காது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. வெள்ளைச்சாமி அதைப் பிடித்துக்கொண்டார். "நடுவர் அவர்களே, ஊருக்குள்ள யாரு யாரோட வாழ்ந்தா எனக்கென்ன? மகராசனா இருக்கட்டும். பனிமலையில ஒரே கூடாரத்துல ஏழெட்டுப் பேரு படுத்துக் கிடப்போம். ஒருத்தன் விடுற மூச்சு அடுத்தவன் கழுத்துல படும். அங்க போயி ஒருத்தன் இன்னொருத்தனுக்குக் காதல் கவிதை எழுதிக்கிட்டிருந்தா, துப்பாக்கிய எவன் துடைக்கிறது? எல்லைக்கோட்டப் பாருடான்னா இவன் பக்கத்துல இருக்கவன் இடுப்பப் பாப்பான்!" பந்தல் அதிர்ந்தது. பெண்கள்கூடச் சிரித்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். மேடையில் எதிர்க்கட்சிக்காரர் நகைச்சுவை சொன்னால் நாமும் சிரிக்க வேண்டும், அது மரியாதை. சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் கையில் இருந்த குறிப்புச் சீட்டு மட்டும் நனைந்துபோயிருந்தது.

அடுத்து நான். தயார் செய்துகொண்டு போனது ஒன்றையும் பேசவில்லை. "அண்ணன் வெள்ளைச்சாமி அவர்களே, கூடாரத்தில் ஏழெட்டுப் பேர் என்றீர்கள். அதில் ஒருவன் அப்படி இருந்திருப்பான். உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியாமல் அவன் உங்கள் பக்கத்தில் படுத்து, உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, உங்களுக்குப் பதிலாக இரவுக் காவலும் நின்றிருப்பான். அதனால் உங்கள் துப்பாக்கி துருப்பிடித்துவிட்டதா?" என்றேன். கைதட்டு. "இப்படிப்பட்டவனை எதிரி மிரட்டி ரகசியம் வாங்கிவிடுவான் என்கிறார்கள். ஒளித்துவை என்று நீங்கள் சொல்வதால்தானே எதிரி மிரட்ட முடிகிறது? நடு வீதியில் கிடக்கிற பொருளை வைத்து யாரை மிரட்டுவது?" அதற்கும் கைதட்டு. பேசப் பேச எனக்கு வாய் இனித்தது. உனக்குப் புரியுமா தெரியவில்லை, கூட்டம் நம் பக்கம் சாய்கிற நேரம் காலுக்கடியில் மேடை லேசாக உயரும்.

அப்போது நடுவர் மணி அடித்தார். நேரம் முடிந்தது என்று அர்த்தம். மணி அடித்தால் ஒரு நல்ல வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். ஊரெல்லாம் போய் மாணவிகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும்போது நானே சொல்வேன், மணிக்குப் பிறகு பேசுகிறவள் தோற்றுப்போவாள் என்று. அன்றைக்கு நான் உட்காரவில்லை. "நடுவர் அவர்களே, பேச்சாளர் பேசி முடித்துவிட்டாள். இனிமேல் பேசப்போவது தாய். தாய்க்கு மணி கிடையாது" என்றேன்.

சொன்னேன். என் மகன் மேஜர் அதியன், அவனுக்குப் பெண் பார்க்கிறீர்களா என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறீர்கள், அவன் மனசுக்குப் பிடித்தவன் ஒரு ஆண்பிள்ளை, வெள்ளத்தில் பாலம் போட்டு ஒரு கிராமத்தையே கரையேற்றியவன் தன் வாழ்க்கையை மட்டும் இருட்டில் வைத்துக்கொள்ள வேண்டுமாம், ஒளித்து வைக்கச் சொல்வதைப்போல ஒரு கொடுமை உண்டா என்று. அப்படிச் சொன்னேன். இதைவிட நன்றாகச் சொன்னேன். இப்போது பஸ்ஸில் அதே ஓட்டம் வரவில்லை.  முன்வரிசையில் ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீர்ப்பு கனிவுக்கு. பொன்னாடை போர்த்தினார்கள். வெள்ளைச்சாமி எழுந்து நின்று கும்பிட்டார்.

என்னம்மா, மெதுவாகவா? மெதுவாகத்தானே பேசுகிறேன். மைக் இல்லாமல் காலமெல்லாம் வகுப்பெடுத்த குரல், அடங்காது. யார், முன் சீட்டிலா? ஆமாம், ஒட்ட வெட்டிய முடி. கழுத்துக்குப் பின்னால் கோடு போட்ட மாதிரி. பட்டாளத்துக்காரர் மாதிரிதான் இருக்கிறார். காது இந்தப் பக்கம் இருக்கிறதா? தூங்குகிறார். தூங்குகிறார் என்றுதான் நினைக்கிறேன்.

நீ சொல், அதில் என்ன தப்பு? வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்வி. "அவனக் கேட்டியா?" எதைக் கேட்பது? உண்மையைப் பேச யாரைக் கேட்க வேண்டும்? "நீங்க பேங்க்கிலேயே இருந்தவர், கையெழுத்து இல்லாமல் உங்களுக்கு ஒன்றும் நகராது" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

மறுநாள் அதை யாரோ யூடியூபில் போட்டுவிட்டார்கள். "மேடையே அழுதது! மேஜர் மகனைப் பற்றித் தாய்!" அந்த ஆச்சரியக்குறி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள்! கீழே எழுதுவார்களே, அதில் சில பேர் அசிங்கமாகவும் எழுதியிருந்தார்கள், அதை விடு. யாரோ ஒரு பையன், "உங்களுக்கு மகனாகப் பிறக்கவில்லையே" என்று எழுதியிருந்தான். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதியன் போன் வந்தது. எடுத்ததும் நான்தான் முந்திக்கொண்டேன், "பார்த்தியா? எப்படிப் பேசினேன்?" என்று.   "நல்லாப் பேசினம்மா" என்றான். வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு நான் போன் செய்தால் எடுப்பதில்லை. வாட்ஸப்பில் "வேலை" என்று ஒரு சொல். ஒரு சொல்! எனக்குப் பிறந்தவன் ஒரு சொல்லில் பேசுகிறான்.

அவன் என்னிடம் சொன்ன நாளும் நினைவிருக்கிறது. லீவில் வந்திருந்தான். நான் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து பூவுக்குள் இருக்கிற கள்ளன் நரம்பைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே சொன்னான். நான் கூச்சல் போட்டேனா? அழுதேனா? எத்தனை அம்மாக்கள் மண்ணெண்ணெயைத் தூக்கியிருப்பார்கள்! "சரிப்பா. உனக்கு எது சந்தோஷமோ அது. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். வேற யாருக்கும் மட்டும் தெரிய வேண்டாம்" என்றேன். அவ்வளவுதான். அந்தப் பேச்சே முடிந்தது. அப்படி ஒரு தாய்.

அந்தப் பையன் பேர் ரெஜி. மலையாளி. அதியனுக்கு வேலை இருக்கிற குன்னூரிலேயே மாட்டு டாக்டர். போன பொங்கலுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். எதிர்வீட்டுப் பசுவுக்கு மடி வீங்கி, மாட்டுப் பொங்கலன்று அது படுத்துக் கிடந்தது. ரெஜி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொழுவத்தில் உட்கார்ந்து, ஊசி போட்டு, பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டு, ராத்திரியெல்லாம் போய்ப் போய்ப் பார்த்தான். தெருவே கொண்டாடியது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? என் அக்கா வந்தபோது நானே அறிமுகம் செய்துவைத்தேன். "அதியனுக்குத் தெரிஞ்ச பையன்க்கா, செட்டிநாட்டு வீடெல்லாம் பார்க்கணும்னு வந்திருக்கான்" என்று. படுக்கை அவனுக்குக் கூடத்தில், அதியனுக்கு மாடியில். வீட்டுக்கு நாலு பேர் வந்துபோகிறபோது வேறென்ன செய்வது? நீயே சொல். அவர்களுக்கும் அது புரிந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊருக்குப் போகும்போது ரெஜி என் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் போனான்.

கல்லாறு தாண்டிவிட்டோமா? காது அடைக்கிறது. உனக்கும் அடைக்கிறதா? எச்சில் விழுங்கு. எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன், வேண்டுமா? முகர்ந்து பார்த்துக்கொள்.

அக்கா. ஆமாம், அக்காதான் அடுத்து. அவள் பேத்தி அந்த யூடியூபைக் காட்டிவிட்டாள். போனில் ஒரே அழுகை. "என்னடி, மேடையில நின்னுக்கிட்டு இப்படி ஒரு பொய்யச் சொல்லிட்ட? நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான் பிள்ளைக்கு?" அவளுக்கு ரத்தக்கொதிப்பு. "அழாதக்கா, சும்மா கைதட்டுக்காகச் சொன்னது" என்றேன். அது வேறு விஷயம். உடம்பு சரியில்லாதவளிடம் அப்படிச் சொல்வதைப் பொய் என்பார்களா? சமாளிப்பு.

வெள்ளைச்சாமியும் பேசினார். நான் எதிர்பார்க்கவே இல்லை. "தங்கச்சி, சங்கத்துல சில பேரு எங்கிட்டக் கேட்டாங்க, அந்தம்மா மகன் எந்த யூனிட்டுன்னு. பழைய ஆளுங்களுக்கு மேல இடத்துல பழக்கம் உண்டு, அவங்க காதுல போட்டுட்டாங்க போல. நான் சொல்லிட்டேன், அட போங்கப்பா, பட்டிமன்றத்துப் பேச்சு, அந்தம்மா மாமியார் ஊறுகாய் ஜாடி மாதிரிதான் இதுவும்னு. நீயும் அப்படியே சொல்லிரு. பையன் நல்லா இருக்கணும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தோற்றதை ஒத்துக்கொள்ள முடியாமல் என்னைப் பொய்க்காரி ஆக்குகிறீர்களா அண்ணே?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "நான் சொன்ன சிரிப்புக்கு நானே வெக்கப்பட்டுட்டேன் தங்கச்சி. என் கூடாரத்துலயும் ஒருத்தன் இருந்தான். பேரு வேணாம்" என்றார். வைத்துவிட்டார். பார்த்தாயா, எல்லோருமே நான் பேச ஆரம்பித்தால் வைத்துவிடுகிறார்கள்.

அப்புறம்தான் அதியன் கூப்பிட்டான். பதவி உயர்வு வரவேண்டிய நேரமாம். அவனுக்கு மேலதிகாரியான கர்னல் கூப்பிட்டு விசாரித்தாராம். நல்ல மனுஷராம் அந்தக் கர்னல், கேரளத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவாராம். "உங்கள் அம்மா மேடைப் பேச்சாளர், வீட்டுக் கதை கட்டிச் சொல்வது அவர் தொழில் என்று கேள்விப்பட்டேன். அவர் ஒரு தடவை வந்து, அது கட்டுக்கதை என்று என்னிடம் நேரில் சொல்லிவிட்டால், இதை இத்தோடு மூடிவிடுகிறேன்" என்றாராம். பொய்யைக் கேட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிற நல்ல மனுஷர்! சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் விஷயம் மேலே போகும். வேலை போகும். அவனே எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதாக வைத்துக்கொள்வார்கள்.

அதனால்தான் போகிறேன். நாளைக் காலை கர்னல் ஆபீஸ். இன்றைக்கு ராத்திரி ரெஜி வீட்டில். ரெஜிதான் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறான். அதியன் வர முடியாது, யாராவது பார்ப்பார்கள்.

நான் என்ன சொல்லப் போகிறேன் என்றா கேட்கிறாய்? உண்மையைத்தான். மூன்று தலைப்பாகப் பிரித்து வைத்திருக்கிறேன். அரசியல் சட்டம், ராணுவ வரலாறு, தாய்மை. கர்னல் அசந்துபோவார். யாராவது ஒருத்தன் முதலில் நிற்க வேண்டாமா? இந்தச் சட்டமெல்லாம் தானாகவா மாறும்? அதியனிடமும் இதைத்தான் சொன்னேன். அவன் கேட்கிறான், "அந்த ஒருத்தன் நானா இருக்கணும்னு நீ எப்படிம்மா முடிவு பண்ணின?" என்று. படித்த பையன் கேட்கிற கேள்வியா இது? "உண்மையச் சொல்லணும்னா நான் சொல்லணும். என் வாயால சொல்லணும். என்னிக்குச் சொல்றதுன்னு நான் பார்த்து வச்சிருந்தேன்" என்றான். பார்த்து வைத்திருந்தானாம்! எத்தனை வருஷமாக? நான் கொஞ்சம் தள்ளிவிட்டேன், அவ்வளவுதானே? நீச்சல் பழகுகிற பிள்ளையைத் தள்ளித்தான் விடுவார்கள்.

பர்லியார் வந்துவிட்டது. பழக்கடையெல்லாம் பார், மங்குஸ்தான் குவித்து வைத்திருக்கிறான். ரெஜிக்கு வாங்கலாமா? வேண்டாம், பஸ் எடுத்துவிடுவான். முன் சீட்டுக்காரர் எழுந்துவிட்டார். இங்கேதான் இறங்குகிறாரோ. பையை எடுக்கிறார். இந்தப் பக்கம் வருகிறாரே.

வணக்கம், வணக்கம் தம்பி. ஆமாம், நான்தான்... சந்தோஷம்...

கேட்டாயா? நீ கேட்டாயா அவர் சொன்னதை? "உங்க பேச்செல்லாம் வீட்ல எல்லாரும் பாப்போம்மா. மேஜர் சார் சௌக்கியமா?" என்றார். அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். நல்ல எண்ணத்தில் கேட்டாரா? எனக்குச் சிரிப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரியும், எத்தனை கூட்டம் பார்த்திருக்கிறேன். இந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை. போனை எடுக்கிறார் பார். யாரைக் கூப்பிடுகிறார்? மறைக்காதே, தள்ளு, நான் பார்க்கிறேன். இல்லை, போய்விட்டார்.

நான் பதில் சொல்லவில்லை, கவனித்தாயா? மேஜர் சார் சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்று சொல்ல வேண்டியதுதானே. வாய் வரவில்லை.

இந்த மழை வேறு. ஜன்னலை இறக்கிவிடு. பை நனைந்துவிடும்.

இரு, போன். அவன்தான். அதியன்தான். அவனாகவே கூப்பிடுகிறான்! ஹலோ. அதியா? பர்லியார் தாண்டிட்டோம்ப்பா. இல்லைப்பா, வாந்தியெல்லாம் இல்லை. கேக்குது, சொல்லு... ம்... ம்... சரிப்பா. இல்லை, நான் குறுக்கே பேசலை. சொல்லு... சரி.

வைத்துவிட்டான். இல்லை, நான்தான் வைத்தேன். சிக்னல் போய்விட்டது.

என்ன சொன்னான் என்றால்... "அம்மா, நான் உன்னைத் திட்டக் கூப்பிடலை. நாளைக்கு நீ எதைச் சொன்னாலும் சரி, நான் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோ. எனக்கு ஜெயிக்கணும்னு ஆசை இல்லம்மா. அடுத்த மழைக்கு எங்கேயாவது ஆத்துல வெள்ளம் வரும். அங்க நான் போகணும். எனக்கு வேற எதுவும் செய்யத் தெரியாது" என்றான். அவன் குரல் இப்படி நான் கேட்டதே இல்லை. கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. வாழைப்பூ ஆய்ந்த அன்றைக்கும் இதே குரல்தானோ என்னவோ. அன்றைக்கு அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

எனக்கு உண்மையாகவே தெரியவில்லையம்மா. சட்டம் தப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எந்த மேடையிலும் சொல்வேன். தப்பான சட்டத்துக்கு முன்னால் போய்ப் பொய் சொல்லிவிட்டு வா என்கிறார்கள். அதைச் சொன்னால் அந்தச் சட்டத்துக்கு இன்னும் ஒரு கல் நானே எடுத்து வைக்கிற மாதிரி. சொல்லாவிட்டால்... அடுத்த வெள்ளத்தை அவன் டிவியில் பார்த்துக்கொண்டிருப்பான். என் வீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். நான் பேசிக்கொண்டிருப்பேன்.

காட்டேரி வந்தாயிற்றா? இன்னும் கொஞ்சம்தான். ஒரு உதவி செய்கிறாயா? நீ கர்னல். சும்மா உட்கார், ஒன்றும் பேச வேண்டாம். முகத்தைக் கொஞ்சம் கடுமையாக வைத்துக்கொள். நான் சொல்லிப் பார்க்கிறேன்.

மதிப்பிற்குரிய கர்னல் அவர்களே, அன்றைய தினம் அடியேன் ஆற்றிய உரையானது... இல்லை. இது ஆகாது. இப்படிப் பேசினால் எந்தக் கர்னலும் நம்ப மாட்டார்.

சார், என் மகன் மேல் தப்பில்லை. சே. அது ஏதோ தப்பு நடந்த மாதிரி இருக்கிறது.

இரு. மேடையில் நான் எப்படிப் பேசுவேனோ அப்படியே போகிறேன். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொள்கிறேன். சிரித்த முகம். இப்போது பார்.

"அய்யய்ய, அதப் போயி உண்மைன்னு நெனச்சிட்டீங்களா சார்! நீங்க நம்ம பட்டிமன்றம் பாக்கறது இல்லபோல. எங்க மாமியார் ஊறுகாய் ஜாடியப் பூட்டுனாங்கன்னு ஊரெல்லாம் சொல்வேன், அந்தம்மாவ நான் கண்ணால பாத்ததில்ல. எங்க வீட்டுக்காரரு செவிடுன்னு சொல்வேன், நீங்க இங்க பேசறது அவருக்குக் காரைக்குடியில கேக்கும். எதிர்க்கட்சி சுபேதாரு கூட்டத்தச் சிரிக்க வச்சிட்டாரு. நான் அழ வைக்கலன்னா தோத்துருவேன். கையில அப்ப வேற சரக்கு இல்ல. எம்மவன் ஒருத்தன் இருந்தான், எடுத்து விட்டேன். கைதட்டு வேணும்னா பெத்த பிள்ளையக்கூட வித்துருவோம் சார் நாங்க!"

எப்படி? நன்றாக வருகிறது, இல்லையா? குரல் எங்கேயும் இடறவில்லை. கர்னல் நம்பிவிடுவார். வாய்விட்டுச் சிரிப்பார், டீ வரவழைப்பார், ஃபைலை மூடிவிடுவார்.

கடைசி வரி தானாக வந்தது. அது நான் யோசித்து வைக்கவில்லை. நல்ல வரி. அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும், கூட்டம் சிரிக்க.

நீ ஏன் சிரிக்கவில்லை?

இல்லை, நீ சிரித்திருக்க வேண்டும். எல்லோரும் சிரிக்கிற இடம் அது. மறுபடி சொல்கிறேன், கேள். கைதட்டு வேணும்னா... கைதட்டு வேணும்னா பெத்த...

பஸ் நின்றுவிட்டதா? நீ இறங்கம்மா. உன் குடையை மறந்துவிடாதே. ஆமாம், அவன்தான். மழையில் நனைந்துகொண்டு ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வருகிறானே, அவன்தான் ரெஜி. கண்டக்டரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. கொஞ்ச நேரம் இப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு இறங்குகிறேன் என்று.